நாங்கள் ஓட்டாத ஆயிரத்து நூறு கிலோமீட்டர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவனால் இதைப் படிக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மார்ச்சில் இல்ப்போவை அடக்கம் செய்துவிட்டு தேவாலயக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு மனைவி, மக்கள் இல்லை. நில அளவை அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இருபது பேர் வந்திருந்தார்கள். வெய்யோ தன் மனைவி அவுனேயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தான். வெள்ளைக் கோலை மடக்கி மேசைமேல் வைத்தான்.

“ஹில்க்கா தானே?”

“நான்தான்.”

“பேப்பர்ல என்னென்னமோ எழுதுறியாமே. எண்பத்தேழுல நாம போகாம விட்ட பயணத்தை எழுது. ரூட்டைச் சரியாப் போடு. மானுக்குப் பயந்தவனையும் எழுது. செத்துட்டாங்கிறதுக்காக அவனை நல்லவனாக்கிடாத.”

“எழுதி?”

“வந்து படிச்சுக் காட்டு. வேறென்ன?”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்தபோதுதான் எதற்குத் தலையாட்டினேன் என்பது உறைத்தது. நடந்ததை நடந்தபடி எழுதினால், முப்பத்தேழு வருடமாக நான் காத்துவரும் ஒரு வாக்கு உடைந்துபோகும். மறைத்து எழுதினால், பேச வாயில்லாத ஒருவனை என் கையாலேயே இன்னொரு தடவை கோழையாக்க வேண்டும்.

2

தொடக்கம் மூன்று எழுதி அடித்தேன். அடித்தவை இவை.

‘வடக்கே, பாதை தீர்ந்துபோகும் இடத்தில் ஒரு கடல்...’ (நான் அங்கே போனதே இல்லை. பார்க்காத கடலை வைத்து ஆரம்பிக்க வேண்டாம்.)

‘மூன்று நண்பர்கள், மூன்று மோட்டார் சைக்கிள்கள், ஒரு கோடை...’ (இப்படித் தொடங்கும் புத்தகங்களை இருபத்தெட்டு வருடம் நூலகப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் நான். போதும்.)

‘வெய்யோவின் கண் அந்தக் குளிர்காலத்திலேயே...’ (அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு அது தெரியாது. தெரியாதவர்களாகத்தான் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அந்தச் சந்தோஷத்தை ஒரு பக்கமாவது எழுதவிடுங்கள்.)

ஆக, கொட்டகையிலிருந்து தொடங்குகிறேன்.

3

எங்கள் ஊரான ஈசல்மியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வெய்யோவின் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. அவன் டிராக்டர் மெக்கானிக், அப்போது வயது முப்பத்து நான்கு. செக் நாட்டு ஜாவா மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். இல்ப்போ அவனைவிட இரண்டு வயது மூத்தவன். கிழக்கு ஜெர்மனியில் செய்த ஒரு வண்டியை, வாங்கிய நாள் முதல் அதன் கையேட்டில் சொன்னபடியே ஓட்டுகிறவன். நான் முப்பத்தொரு வயதுக்காரி. கிராமம் கிராமமாக நூலகப் பேருந்தை ஓட்டிப்போவது என் வேலை. என்னிடம் இருந்தது எத்தனையோ கைமாறி வந்த ஒரு ஹோண்டா.

சனிக்கிழமை மதியம் வெய்யோ வீட்டு நீராவிக் குளியலறைக்கு, சவுனாவுக்கு, அடுப்பு மூட்டுவார்கள். அது சூடாகும்வரை நாங்கள் மூவரும் கொட்டகையில் உட்கார்ந்து பயணத்தைத் திட்டமிடுவோம். ஜனவரியில் தொடங்கியது. எண்ணெய்க் கம்பெனி நாட்காட்டியில் ஒரு படம் பார்த்துவிட்டு வெய்யோதான் தொடங்கினான். நார்வேயின் வடகிழக்குக் கோடியில் ஹாம்னிங்பெர்க் என்ற ஊர். மீனவர்கள் விட்டுவிட்டுப் போன ஊர். பல் பல்லாக நிற்கும் பாறைகளுக்கு நடுவே ஒரு சாலை வளைந்து வளைந்து அங்கே போய் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பனிக்கடல் மட்டும்தான்.

“ரோடு அங்க தீருது பாரு. அதுக்கு மேல ஓட்ட முடியாதுன்னு ஒரு எடம் இருந்தா, அதுவரைக்கும் ஓட்டிப் பாத்துடணும்” என்றான்.

ஈசல்மி, கயானி, கூசமோ, கெமியார்வி, சொதான்கூலா, இனாரி, உத்ஸ்யோகி. அங்கே ஆற்றைத் தாண்டி நார்வே. தானா பாலம், வத்ஸோ, வார்தோ, ஹாம்னிங்பெர்க். ஆயிரத்து நூறு கிலோமீட்டரும் கொஞ்சமும். (வெய்யோ, ரூட் சரிதானே?)

இல்ப்போ அந்த வழி முழுவதையும் துண்டு துண்டாக நீளமான தாள்களில் வரைந்தான். உள்ளங்கை அகலம். சுருட்டி, ஹேண்டிலில் பொருத்திய பெட்டிக்குள் வைத்துக்கொண்டால் ஓட்ட ஓட்டத் திருப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாலமும், ஒவ்வொரு பெட்ரோல் பம்பும், மழைக்கு ஒதுங்கத்தக்க ஒவ்வொரு கொட்டகையும் அதில் இருந்தது. மூன்று பேருக்கும் மூன்று நகல். மூன்றையும் கையால் வரைந்தான்.

“சதுப்புல எத்தனை கொசுன்னு போடல சர்வேயரே” என்பான் வெய்யோ.

“அளவுகோல் பத்தாது” என்பான் இல்ப்போ. சிரிக்காமல்தான் சொல்வான்.

யார் எதைச் சுமப்பது என்பதில் ஆறு வாரம் சண்டை. கூடாரம் இல்ப்போவுக்கு, பழுதுபார்க்கும் சாமான் வெய்யோவுக்கு, சமையல் சாமான் எனக்கு. நான் பெண் என்பதால்தானே என்று பிடித்துக்கொண்டேன்.

“ஐயையோ டிரைவரம்மா, ஒன் சமையலை நம்பி யாரு கொடுத்தா? ஒன் வண்டிக்குத்தான் பெட்டி பெருசு” என்றான் வெய்யோ.

மார்ச்சில், உறைந்த ஏரியின்மேல் கூடாரம் அடித்துப் பழகினோம். கையுறை போட்டுக்கொண்டு கட்ட வேண்டும் என்பது இல்ப்போவின் நிபந்தனை. இரண்டு முறை சரிந்தது. மூன்றாவது முறை அவனையும் உள்ளே வைத்துச் சரிந்தது. சற்றுத் தள்ளி, பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் எழுந்து வந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஹாம்னிங்பெர்க்” என்றான் வெய்யோ.

கிழவர் ஏரியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “அது இந்தப் பக்கமில்லையே” என்று சொல்லிவிட்டுத் தன் துளைக்குத் திரும்பிப் போனார்.

கூடாரத் துணிக்கு அடியில் கிடந்த இல்ப்போ குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சரியாகச் சொன்னால் அவனைப் பார்க்கவில்லை. துணி குலுங்கியதைத்தான் பார்த்தேன்.

(இந்தப் பகுதியை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மழைச் சட்டை ஒழுகுகிறதா என்று சோதிக்க, ஏப்ரல் குளிரில் வெய்யோ எங்களை முற்றத்தில் நிற்கவைத்துக் குழாயால் தண்ணீர் அடித்த கதை பாக்கி இருக்கிறது. அவுனே சன்னல் வழியாகத் திட்டிய கதையும். ஆனால் வெய்யோ பொறுமையில்லாதவன். அவனுக்காக நகர்கிறேன்.)

இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, நாள் குறித்தது ஜூலை முதல் வாரம். ஆகஸ்டில் கொசு குறையும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வெய்யோ கேட்கவே இல்லை. “ஜூலைல அங்க சூரியன் மறையாது. எந்நேரமும் வெளிச்சம். அப்பதான் போகணும்” என்றான். வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு, போனால் மூவரும் போவது, இல்லாவிட்டால் யாரும் போவதில்லை. அதுவும் வெய்யோ போட்ட விதிதான். காப்பிக் கோப்பையை மேசையில் தட்டிச் சத்தியம் வாங்கினான்.

4

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மூவரும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சாமான்களை முழுவதும் ஏற்றி, சொன்காயார்வி வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். வெய்யோ முன்னால். அவனுக்குப் பின்னால் இல்ப்போ. கடைசியில் நான்.

சரளைச் சாலை. இடப்பக்கம் ஒரு பண்ணைப் பாதை வந்து சேருமிடத்தில், தபால் பை மாட்டிய சைக்கிளில் ஒரு பெண் வந்தாள். வெட்ட வெளிச்சம். மரமோ வேலியோ மறைக்கவில்லை. எனக்கே தெரிந்தது என்றால் முன்னால் போகிறவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? வெய்யோ வேகத்தைக் குறைக்கவில்லை. ஒதுங்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் மணியடித்தாள், கத்தினாள், கடைசி நொடியில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தாள். ஜாவா அவளைக் கையகல இடைவெளியில் கடந்து, அதே வேகத்தில், அதே சத்தத்தில் போய்க்கொண்டே இருந்தது.

நாங்கள் இருவரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினோம். பள்ளத்தில் பனி உருகிய தண்ணீர். இடுப்புவரை நனைந்து நின்றாள். எங்கள் வயதுதான் இருக்கும். கடிதங்கள் மிதந்துகொண்டிருந்தன.

“குடிச்சிருக்கானா அந்த ஆளு?” என்றாள்.

“இல்லை” என்றான் இல்ப்போ.

“அப்புறம் என்ன? நான் அங்க இல்லாத மாதிரியே போறான்!”

இல்ப்போ தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு கடிதமாகப் பொறுக்கி, கோட்டில் துடைத்து அடுக்கினான். 

சொன்காயார்வியில் வெய்யோ வண்டியில் சாய்ந்து, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து நின்றிருந்தான்.

“என்ன, ரெண்டு பேரும் பூப் பறிக்கப் போயிட்டீங்களா?”

நான் இல்ப்போவைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு, “செயின் தளந்துடுச்சு” என்றான்.

வெய்யோவின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. அதைப் பார்த்துக்கொண்டு நானும்...

(இந்த வாக்கியத்தை நாலு விதமாக முடித்துப் பார்த்தேன். உண்மையான முடிவு: நானும் ஒன்றும் சொல்லவில்லை.)

5

மறுநாள் இல்ப்போ நூலகப் பேருந்துக்கு வந்தான். நான் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

“அவனுக்கு நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியுது ஹில்க்கா. பக்கவாட்டுல ஒண்ணுமே இல்ல. யோசிச்சுப் பாரு. இருட்டினா அவுனேதானே காரை ஓட்டுறா? அவன்கிட்ட எப்பவாவது காப்பிக் கோப்பையை ஓரமா நீட்டியிருக்கியா? வாங்க மாட்டான். மேசைல வைன்னு சொல்லுவான்.”

யோசித்தேன். எல்லாம் பொருந்தியது. ஜூலைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் பொருந்தியது.

“அவன்கிட்ட நேராச் சொல்லிடலாம்” என்றேன்.

“சொன்னா? சிரிப்பான். அடுத்த நாளே தனியாக் கிளம்பிடுவான். அந்த ரோட்டுல மான் கூட்டம் கூட்டமா பக்கத்துலேருந்துதான் வரும். இல்ல, இன்னொரு சைக்கிள்காரம்மா வருவா.”

“அப்போ?”

“மூணு பேரும் போகணும், இல்லன்னா யாரும் போகக் கூடாதுன்னு அவனே சொல்லியிருக்கான். நான் வரலன்னு சொல்லிடறேன். எனக்குப் பயம்னு சொல்றேன். அவுனேகிட்ட கண்ணைப் பத்தி மட்டும் பேசுறேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டும்.”

“ஒன் மூஞ்சில துப்புவான்.”

“துப்பட்டும். நீ வாயைத் திறக்காத. எப்பவும்.”

சரி என்றேன். அதுதான் நான் சொன்ன வாக்கு.

ஜூன் முதல் சனிக்கிழமை கொட்டகையில் அவன் சொன்னான். வெய்யோ முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தான்.

“எதுக்குடா பயம்?”

“மானுக்கு. குறுக்க வந்தா என்ன பண்றதுன்னு... தூக்கமே வரல.”

“ஆறு மாசமா ஒவ்வொரு பாலத்தையும் கணக்கெடுத்து வரஞ்சவன், மானுக்குப் பயப்படறானாம்!” வெய்யோ சிரித்துப் பார்த்தான். இல்ப்போ சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெய்யோவின் முகம் மாறியது. “நெசமாத்தான் சொல்றியா?”

“நெசம்தான்.”

வெய்யோ என் பக்கம் திரும்பினான். “நீ வர்றியா? ரெண்டு பேர் போவோம். விதியாவது ஒண்ணாவது.”

“மூணு பேர்னு நீதானே சொன்ன” என்றேன்.

அவன் எழுந்து, இல்ப்போ வரைந்த தாள் சுருள்கள் மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றாகக் கொட்டகை அடுப்பில் போட்டான். இல்ப்போ கையை முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிச் சுருள் எரிந்து முடிந்ததும் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதன்பிறகு அந்தக் கொட்டகைக்குள் அவன் கால் வைக்கவில்லை.

ஜாவாவின்மேல் வெய்யோ தார்ப்பாயைப் போர்த்தினான். ஆகஸ்டில் அவுனே அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, வண்டியைத் தொடக் கூடாது, நடுவில் இருக்கும் பார்வையும் சில வருடங்களில் போய்விடும் என்று சொன்னார்கள். போனது.

6

இப்போது இல்ப்போவிடம் வருகிறேன். எழுதுகிறவளாக எனக்கு அவன்மேல் ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவனை யாராவது நம்புவார்களா?

முதல் வரைவில் அவனுக்கு ஒரு சுயநலம் வைத்தேன்: அவுனேமேல் ஆசை. (பொய். அடித்தேன்.) இரண்டாவதில் அவனை ரகசியமாகப் பெருமைப்படுகிறவனாக வைத்தேன். (அதுவும் பொய்.)

உண்மை இதைவிடச் சிக்கலானது. மருத்துவர் சொன்ன பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் அவனிடம் போனேன். காரணம், வெய்யோ ஊரெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்: ‘கண்ணு இருந்த கடைசிக் கோடை எனக்கு அது. அந்தக் கடலை ஒரு தடவை பாத்திருப்பேன். அந்தக் கோழை கெடுத்துட்டான்.’ இல்ப்போ, “அவன் சொல்றதும் சரிதானே? பாத்திருக்கலாம்ல? மெதுவா, நடுவுல வச்சு, நாம ரெண்டு பேரும் முன்னயும் பின்னயும் ஓட்டிக் கூட்டிப் போயிருக்கலாமோ என்னவோ. நான் அதை யோசிக்கவே இல்ல ஹில்க்கா. எனக்கு அந்தம்மா பள்ளத்துல நின்னதுதான் கண்ணுல நின்னுச்சு. பயம்னு சொன்னது முழுப் பொய்யில்ல” என்றான்.

“அப்போ சொல்லிடு.”

“இப்போ அவன் யாரையாவது திட்டணும். கண்ணைத் திட்ட முடியாதே. என்னையே திட்டட்டும்.”

முப்பத்தேழு வருடம் திட்டினான். கூட்டுறவுக் கடை வாசலில் இல்ப்போ அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இருமலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டு வெய்யோ சொல்வான்: “யாராவது மான் இருந்தா ஒதுங்கிக்குங்கப்பா, இல்ப்போ பயந்துடுவான்.” வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். இல்ப்போவும் சிரிப்பான். கதவை விடமாட்டான்.

இந்தக் கதைக்கு இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் மூவரும் போகிறோம். நான்கு பக்கம். இனாரி ஏரிக்கரையில் மீன் சுடுகிறோம், கூடாரம் சரிகிறது, தானா பாலத்தில் சண்டை போடுகிறோம். கடைசி வளைவில் வெய்யோ வண்டியை நிறுத்துகிறான், ஹெல்மெட்டைக் கழற்றுகிறான், கடல்...

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்தக் கடலின் நிறம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை அவனுக்குப் படித்துக் காட்ட நான் யார்?

7

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, இதுவரை உள்ள ஆறு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு வெய்யோ வீட்டுக்குப் போனேன். நான்கையும் ஐந்தையும் வழியில் எங்காவது விட்டுவிடலாம் என்ற எண்ணம் வாசல்வரை இருந்தது. அவுனே காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தாள். வாக்குக் கொடுத்தது உயிரோடு இருந்த இல்ப்போவுக்கு. அவன் பெயருக்கு நான் பட்ட கடன் வேறு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியா என்று இப்போதும் தெரியாது. படிக்க ஆரம்பித்தேன்.

ஏரிக் கிழவர் வந்ததும் வெய்யோ வாய்விட்டுச் சிரித்தான். ரூட் வந்தபோது, “கெமியார்விக்கு முன்னாடி பெட்ரோலுக்கு நிக்கணும்னு இருந்துச்சு, அதை விட்டுட்ட” என்று திருத்தினான். ஜூலை வந்தபோது சிரிப்பு நின்றது. நான்காம் பகுதியில் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான். 

படித்து முடித்துத் தாள்களை மடித்தேன். வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம். அவன் இல்ப்போவைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். நீங்களும் அதற்குத்தான் காத்திருப்பீர்கள்.

“அந்தம்மாவுக்கு அடி பட்டுச்சா?” என்றான்.

“எந்த அம்மா?”

“பள்ளத்துல விழுந்தாளே. தபால்காரம்மா.”

“முழங்கால் சிராய்ச்சிருந்தது. மணிக்கட்டு வீங்கிடுச்சு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா? நான் அவளைக் கொன்னிருப்பேன். எனக்குத் தெரியவே தெரியாது.” மேசை விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டான். “அவுனேயோட சேத்து மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல. என் கண்ணைப் பத்தி, என்கிட்ட. அந்தக் கோவம் எனக்குப் போகாது ஹில்க்கா. அவன்மேலயும் போகாது, ஒன்மேலயும் போகாது. அது இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம். அவ பேரென்ன?”

“சாய்மி. கடிதம் பொறுக்கும்போது சொன்னா.”

அடுப்பருகே நின்ற அவுனே திரும்பினாள். “சொன்காயார்வி தபாலாபீஸ் சாய்மியா? இருக்காங்களே. முதியோர் இல்லத்துல எங்க அக்காவுக்கு அடுத்த ரூம்.”

“போன் இருக்கா?”

“அக்காகிட்ட கேட்டா நம்பர் தெரியும். எதுக்கு இப்போ? முப்பத்தேழு வருஷம் கழிச்சு அவங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.”

“அவளுக்கு ஞாபகம் இருக்கும்” என்றான் வெய்யோ. “போடு.”

அவுனே முதலில் அக்காவுக்குப் போட்டாள். எண்ணைக் கையிலேயே எழுதிக்கொண்டாள். மறுபடி எண்களை அழுத்தி, தொலைபேசியை அவன் கையில் வைத்தாள். மணி போவது எனக்கும் கேட்டது. வெய்யோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றான். எழுபத்தொரு வயதில், ஆளைக் காட்டாத ஒரு தொலைபேசிக்கு முன், நிமிர்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றான்.

இது நான் இருந்து கேட்க வேண்டியதல்ல என்று தோன்றியது. தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தும்போது இவ்வளவுதான் காதில் விழுந்தது. இதற்கு மேல் உள்ளதை நான் அவனிடம் கேட்கவில்லை, கற்பனை செய்யவும் மாட்டேன். உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

“சாய்மிங்களா? என் பேரு வெய்யோ. உங்களுக்கு என்னைத் தெரியாது. எண்பத்தேழுல, மே மாசம், ஒரு வெள்ளிக்கிழமை...”